டிஸ்க் கோல்ஃப்: தூர ஆசையால் புதியவர்கள் செய்யும் தவறுகள்

டிஸ்க் கோல்ஃபில் டிஸ்க் என்னும் தட்டையான வட்டத்தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் முடிந்தவரை குறைந்த எறிவுகளில் விழச் செய்ய வேண்டும். புதிதாக அதை ஆட வருபவர்கள் மரத்தையும் நிழலையும் பார்த்து ஆடுகளத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு ஹோலும் (தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கூடை வரையுள்ள பகுதி) எத்தனை மீட்டர் என்று பார்ப்பதில்லை. மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்தே பிறக்கிறது. 40 மீட்டர் எறிபவர் 130 மீட்டர் ஹோலில் மூன்று முறை சரியாக எறிந்தாலும் கூடைக்கு 10 மீட்டர் தள்ளித்தான் நிற்பார். பார் 3, அதாவது மூன்று எறிவில் முடிக்கும் இலக்கு, அங்கேயே முடிந்துவிடும். பதினெட்டு ஹோல் இப்படியே போனால் யாருக்கும் சலிப்புத்தான் வரும்.

முதலில் உங்கள் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஆளில்லாத திடலில் பட்டர் என்னும், கூடையில் போடுவதற்கான மெதுவான டிஸ்க்கைப் பத்து முறை எறிந்து, காலடி வைத்து அளக்கவும். அதிக தூரம் போன எறிவை நம்ப வேண்டாம்; பத்தில் நடுவாக வருவதே உங்கள் தூரம். அது 40 மீட்டர் என்றால் 50 முதல் 75 மீட்டர் வரையுள்ள ஹோல்கள் பொருந்தும்: இரண்டு எறிவில் கூடையருகே, மூன்றாவதில் உள்ளே. ஒரே ஹோலுக்கு இரண்டு மூன்று டீ (எறியத் தொடங்கும் இடம்) இருந்தால் கூடைக்குக் கிட்டத்தில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதல் சில ஆட்டங்களுக்கு ஒன்பது ஹோல் போதும்.

அடுத்த தவறு டிஸ்க் வாங்குவதில். டிஸ்க்கின் மேல் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, வலப்பக்கத் திரும்பல், கடைசியில் இடப்பக்கச் சரிவு. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே இழுத்துப் புறங்கை முன்னால் வர எறியும்போதுதான் இந்தத் திசைகள் பொருந்தும். டிஸ்க் தயாரிக்கும் இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்ட் 6, 5, -2, 1. டிரைவர் என்பது தூர எறிவுக்கான டிஸ்க். வேகம் 12 உள்ள டிரைவருக்கு அதற்கேற்ற வேகத்தைக் கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது வலப்பக்கம் திரும்பவே திரும்பாது. பாதியிலேயே இடப்பக்கம் சரிந்து தரையில் குத்தும். “டிரைவர்தானே தூரம் போகும்” என்று வாங்கியவர் கையில் அது பட்டரைவிடக் குறைவாகவே போகும். தொடக்கத்துக்கு மூன்று டிஸ்க் போதும்: 170 முதல் 175 கிராம் பட்டர், நடுத்தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச், வேகம் 6 அல்லது 7 உள்ள 150 முதல் 165 கிராம் டிரைவர்.

எறிந்த டிஸ்க் மேலெழும்பி, நின்று, பின் இடப்பக்கம் விழுகிறதா? அதன் முன்விளிம்பு வானத்தைப் பார்க்கிறது என்று பொருள். கையை இன்னும் வேகமாக வீசினால் இது மோசமாகுமே தவிரச் சரியாகாது. மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, டிஸ்க்கை மார்புயரத்தில் நேர்க்கோட்டில் இழுங்கள். ஓடிவந்து எறிவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நின்றபடி எறிந்து திசை பிடித்த பிறகு அதைப் பழகலாம்.

கூடைக்கு 20 மீட்டர் இருக்கும்போது நேராகச் சங்கிலியைக் குறிவைப்பது இன்னொரு பேராசை. தவறினால் டிஸ்க் எட்டு மீட்டர் தாண்டிப் போய் நிற்கும். கூடைக்கு இரண்டு மூன்று மீட்டருக்குள் படுக்க வையுங்கள். 10 மீட்டருக்குள்ளிருந்து எறிந்தால், உடல் சமநிலைக்கு வரும்வரை டிஸ்க் கிடந்த இடத்தைத் தாண்டி முன்னால் கால் வைக்கக் கூடாது. பலர் அறியாமலே மீறும் விதி இது.

கோலாலம்பூரில் பயிற்சி செய்பவர்களுக்குத் தனியாகச் சில. தித்திவங்சா ஏரிப் பூங்காவில் மாலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் நிறைந்திருப்பார்கள். கெப்போங் மெட்ரோபொலிட்டன் பூங்காவில் பட்டம் விடுபவர்கள் எல்லாரும் மேலே பார்த்தபடி நிற்பார்கள். 170 கிராம் டிஸ்க் முகத்தில் பட்டால் காயம் உறுதி. நடைபாதைக்குக் குறுக்கே ஒருபோதும் எறியாதீர்கள். காலையில் ஆள் வருமுன் போங்கள்.

பிற்பகல் மழைக்கு இரண்டு துண்டு வேண்டும், ஒன்று டிஸ்க்குக்கு, ஒன்று கைக்கு. ஈரத்தில் டிஸ்க் முன்கூட்டியே நழுவி இடப்பக்கம் போகும். வழவழப்பான விலையுயர்ந்த பிளாஸ்டிக்கைவிட மலிவான அடிப்படைப் பிளாஸ்டிக் ஈரக் கையில் நன்றாகப் பிடிக்கும். இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே திரும்புங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

பெரும்பாலான டிஸ்க்குகள் தண்ணீரில் மூழ்கிவிடும். அதனால் ஏரியோரம் பயிற்சி வேண்டாம். லாலாங் என்னும் உயரமான புல்லுக்குள் போனால் தேடுவதும் கடினம். பச்சை டிஸ்க்கைத் தவிர்த்து ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் வாங்கி, உள்பக்கம் அழியாத மையால் கைபேசி எண்ணை எழுதிவையுங்கள்.