கடைவாய்ப் பல்லின் வேர்க்கால்வாய்: முப்பரிமாணப் படத்தில் எங்கே சறுக்குகிறோம்?

கண்ணாடி போலத் தெரியும் பல், அதற்குள் சிவப்பு நூல்களாக ஓடும் கால்வாய்கள். மைக்ரோ சிடி (மிக நுண்ணிய எக்ஸ்ரே ஸ்கேன்) ஆய்வுகளில் வரும் இந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் மயக்கம் வரும். ஆனால் அந்தச் சிவப்பைப் பூசியது ஸ்கேனர் இல்லை, கணினி முன் உட்கார்ந்திருந்தவர். எந்தச் சாம்பல் நிறம் வரை கால்வாய், எங்கிருந்து டென்டின் (கால்வாயைச் சூழ்ந்த கடினத் திசு) என்ற கோட்டைப் போட்டவர் அவர். நாம் போட்ட கோட்டையே பல்லின் அமைப்பு என்று நம்பிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் குழப்பம் கருவியிலேயே தொடங்குகிறது. சிபிசிடி (கூம்பு வடிவக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே) உயிருள்ள நோயாளிக்கு. மைக்ரோ சிடி பிடுங்கிய பல்லுக்கு மட்டும். அதன் கதிர்வீச்சும் ஸ்கேன் நேரமும் மனிதருக்கு ஆகாதவை. சிபிசிடியின் வாக்சல், அதாவது படத்தின் மிகச்சிறிய கனசதுரம், பெரும்பாலும் 0.075 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும்; மைக்ரோ சிடியில் 10, 20 மைக்ரான் சாதாரணம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 0.1 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கால்வாய், 0.2 மி.மீ. வாக்சல் ஒன்றுக்குள் நேராக இறங்குகிறது. அந்த வாக்சலின் குறுக்குப் பரப்பில் அது அடைப்பது ஐந்தில் ஒரு பங்கு. மீதியெல்லாம் டென்டின். திரையில் கறுப்புப் புள்ளி வராது, சற்றே மங்கிய டென்டின்தான் வரும். 'கிளைக் கால்வாய் இல்லை' என்று எழுதுவதற்கும் 'இந்த வாக்சலில் தெரியவில்லை' என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் அதுதான். வாக்சல் 0.1 என்றால் 0.1 மி.மீ. பொருளும் தெரியும் என்று எண்ணுவதும் தவறு. நோயாளி லேசாக அசைந்தாலே, சிதறும் கதிர் கொஞ்சம் கூடினாலே, உண்மையான தெளிவு அதைவிடக் குறைந்துவிடும்.

மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லைத் திறந்துகொள்ளுங்கள். எல்லோரும் தேடும் எம்பி2, அதாவது மீசியோபக்கல் வேரின் (கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேர்) இரண்டாவது கால்வாய், இங்கேதான் இருக்கிறது. மீசியோபக்கல் வேர் கன்னத்திலிருந்து அண்ணம் வரை அகலமாகவும், முன்பின்னாகத் தட்டையாகவும் இருக்கும். சாதாரண எக்ஸ்ரே கன்னத்துப் பக்கமிருந்து பாய்வதால் இரண்டு கால்வாய்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடுகின்றன. முப்பரிமாணப் படம் தேவைப்படுவதே இதனால்தான். ஆனால் பலர் மென்பொருள் திறந்து வைத்த கோணத்திலேயே ஆக்சியல் (கிடைமட்ட) வெட்டுகளை ஓட்டுகிறார்கள். அந்த வெட்டு தாடையின் தளத்தை ஒட்டியது. இந்த வேருக்குச் செங்குத்து அல்ல. சாய்ந்த வெட்டில் வட்டமான கால்வாய் நீள்வட்டமாகத் தெரியும், நெருங்கி ஓடும் இரண்டு ஒன்றாகக் கலந்துவிடும். முதலில் அச்சை அந்த வேரின் நீளத்துக்குத் திருப்புங்கள். வேர் வளைகிற இடத்தில் மறுபடியும் திருப்புங்கள். வெட்டின் தடிமன் 1 மி.மீ. என்று இருந்தால் குறையுங்கள்.

பிறகு பல்கூழ் அறையின் தளத்திலிருந்து வேர்நுனிவரை மெதுவாக இறங்குங்கள். கறுப்புப் புள்ளி வேரின் நடுவில் இல்லாமல் கன்னத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். காலியாகத் தெரியும் அண்ணப் பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம். அதன் வாய் பெரும்பாலும் எம்பி1-ஐயும் (அதே வேரின் முதல் கால்வாய்) அண்ணக் கால்வாயையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று முன்பக்கம் இருக்கும். ஒரே வெட்டைப் பார்த்து எண்ணிவிடாதீர்கள். இரண்டாகப் போனது சேரும், சேர்ந்தது மறுபடி பிரியும். இறங்கியது போதாது, ஒருமுறை ஏறியும் பாருங்கள்.

ஏற்கெனவே கட்டபெர்ச்சா (வேர்க்கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) நிரப்பிய பல், உலோக போஸ்ட் (வேருக்குள் செருகிய தண்டு) உள்ள பல் என்றால் இன்னும் கவனம். அவற்றின் ஓரத்தில் விழும் கறுப்புப் பட்டைகள் விடுபட்ட கால்வாய் போலவும் வேர் விரிசல் போலவும் நடிக்கும். அப்படிப்பட்ட பற்களை அமைப்பு ஆய்வில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

மைக்ரோ சிடிக்கு வந்தால் சிக்கல் வேறு. கால்வாயையும் டென்டினையும் பிரிக்கும் அந்தக் கோட்டை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டு கால்வாய்களை இணைக்கும் மெல்லிய இடுக்கான ஐஸ்த்மஸ் காணாமல் போகும். அந்தப் பக்கம் நகர்த்தினால் இரைச்சல்கூடக் கால்வாயாகிவிடும். அழகுக்காக மேற்பரப்பை மழமழப்பாக்கினால் முதலில் பலியாவது நுனிப்பகுதிக் கிளைகள்தான். எனவே முப்பரிமாண உருவத்தை மட்டும் பார்த்து எண்ணாமல், பக்கத்திலேயே சாம்பல் நிற வெட்டுகளையும் வைத்துச் சரிபாருங்கள். ஒரு ஸ்கேனரில் கோடு போடச் சரியாக வந்த சாம்பல் எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிப் போடவும் கூடாது. சிபிசிடியின் சாம்பல் அளவுகள் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களாகவே (மருத்துவ சிடியில் அடர்த்தியைக் குறிக்கும் நிலையான அளவு) கருதத்தக்கவை அல்ல. பல்லைக் காயவிட்டுவிட்டு ஸ்கேன் செய்தால் புதிய விரிசல்கள் கிடைக்கும், அவை பல்லின் குணம் இல்லை.

வகைப்படுத்தலிலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெர்டுச்சி என்ற ஆய்வாளர் 1984-இல் சாயமேற்றித் தெளிவாக்கிய பற்களைப் பார்த்து, கால்வாய் அமைப்பில் எட்டு வகைகள் சொன்னார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை. ஆனால் எந்தப் பெட்டியிலும் அடங்காத கால்வாயை அருகிலிருக்கும் பெட்டிக்குள் திணிப்பது, பார்த்ததை மறைப்பதாகும். அடங்காவிட்டால் அடங்கவில்லை என்றே எழுதலாம். கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லின் சி-வடிவக் கால்வாயை வெறும் எண்ணிக்கையில் சொல்லவே முடியாது. மேலே முழு சி, நடுவில் அரைப்புள்ளி போல உடைந்த சி, கீழே தனித்தனிப் புள்ளிகள் என்று ஒரே வேருக்குள் மாறிக்கொண்டே போகும்.

கணக்கில் நடக்கும் தவறு கண்ணுக்குப் படாதது. 100 பேரின் இடமும் வலமும் சேர்த்து 200 பற்கள் என்று எழுதிவிட்டு, 200 தனித்தனி ஆட்கள் போலச் சோதனை செய்கிறார்கள். ஒருவரின் இடப்பக்கம் பெரும்பாலும் வலப்பக்கத்தைப் போலவே இருக்கும். வயதையும் விட்டுவிடுகிறார்கள், வயது கூடக்கூட இரண்டாம்நிலை டென்டின் படிந்து கால்வாய் குறுகும், அதே கால்வாய் இருபதில் தெரியும், அறுபதில் மறையும். பிடுங்கிய பல் குவியலில் முதல் கடைவாய் எது, இரண்டாம் கடைவாய் எது என்பதே சிலசமயம் ஊகம்தான்.

ஆய்வுக்காக மட்டும் ஒருவரைக் கதிருக்கு உட்படுத்தக் கூடாது என்பதால், வேறு காரணத்துக்காக எடுத்த சிபிசிடிகளைத்தான் பெரும்பாலும் எடுத்துப் பார்க்கிறோம். சரியான வழி. ஆனால் வேர் சிகிச்சை சிக்கலாகிப் படம் எடுக்க அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கோப்புகளில் அதிகம் இருந்தால், கூடுதல் கால்வாய்களும் அதிகமாகத்தான் தெரியும். படம் எதற்காக எடுக்கப்பட்டது என்பதையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகப் போடுங்கள்.