வலைப்பூவின் வடிவமைப்பை எளிமையாக்குதல்: புதியவர்களுக்கான செய்முறை

மட்டக்களப்பில் ஆடப்பட்டுவரும் வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகளின் பாடல்களைத் தட்டச்சுச் செய்து ஒரு வலைப்பூவில் சேர்த்து வருகிறேன். அந்தப் பாடல்களை எனக்குச் சொல்லித் தந்த, கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரிடம் அதைக் காட்டுவதற்காக, சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் கைத்தொலைபேசியுடன் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். திரையில் மல்லிகைப் பூக்கள் மேலிருந்து கீழாக உதிர்ந்துகொண்டிருந்தன, வரவேற்பு வாசகமொன்று தலைப்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் கல்லடிப் பாலத்தின் படம் தெரிந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோய், உதிர்கிற பூவொன்றை விரலால் ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தார். பூ நகரவில்லை. “மனே, இந்தப் பூவையெல்லாம் ஒதுக்கிவிடு. பாட்டு எங்க கிடக்கெண்டு விளங்குதில்ல” என்றார்.

அன்றிரவே வேலையைத் தொடங்கினேன். அப்போது செய்தவற்றையும் பிறகு பழகிக்கொண்டவற்றையும், புதிதாக வலைப்பூ தொடங்கியிருப்பவர்கள் தாமே செய்துபார்க்கக் கூடிய ஒழுங்கில் இங்கே தருகிறேன். நான் பயன்படுத்துவது புளொக்கர். 1999இல் தொடங்கப்பட்டு 2003இல் கூகுளின் வசம் சென்ற இந்தச் சேவை இன்றும் இலவசமாகவே கிடைப்பதால், நம் பக்கத்தில் புதிதாக எழுதத் தொடங்குபவர்களுக்கு நான் இதையே சொல்வதுண்டு. வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் இடம் மாறும், ஆனால் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

முதலில் ஒரு பிரதி

எதையும் அகற்றுவதற்கு முன் இப்போதிருக்கும் வடிவமைப்பின் பிரதியொன்றை எடுத்து வையுங்கள். புளொக்கரின் இடப்பக்கப் பட்டியலில் ‘தீம்’ என்பதை அழுத்தினால் ‘கஸ்டமைஸ்’ என்ற பொத்தான் வரும், அதற்குப் பக்கத்திலுள்ள சிறிய அம்புக்குறிக்குள் ‘பக்கப்’ என்ற தெரிவு இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் கோப்பை, திகதியைப் பெயரில் சேர்த்து, மடிக்கணினியில் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து நிரல் கொண்டுவந்து ஒட்டிய கட்ஜட் (கடிகாரம், நாட்காட்டி போலப் பக்கத்தில் சேர்க்கும் சிறு பெட்டி) ஏதும் இருந்தால், அந்த நிரலையும் தனியே ஒரு கோப்பில் பிரதிசெய்துகொள்வது நல்லது. பிரதி கையிலிருந்தால்தான் துணிந்து அகற்ற மனம் வரும்.

பக்கப் பட்டையைக் குறைத்தல்

அடுத்ததாக ‘லேஅவுட்’ பகுதிக்குப் போங்கள். உங்கள் வலைப்பூவில் இருக்கும் எல்லாக் கட்ஜட்டுகளும் அங்கே பெட்டிகளாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து அவற்றின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாசிக்க வந்தவர் அதைக் கொண்டு என்ன செய்வார் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். நான் எழுதியபோது பதினான்கு பெயர்கள் வந்தன, நான்கு பெயர்களுக்கு எதிரே மட்டுமே எழுதுவதற்கு ஏதாவது இருந்தது.

கடிகாரமும் நாட்காட்டியும் வாசகருடைய கைத்தொலைபேசியிலேயே இருக்கின்றன. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு எழுதுபவருக்குத்தான் தேவை, அதைப் புளொக்கரின் புள்ளிவிபரப் பக்கம் உங்களுக்கு மட்டும் காட்டுகிறது. ஓடும் வாசகத்தைப் பொறுத்தவரை, அசைகிற எதுவும் கண்ணைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதால், அதற்குக் கீழே நிற்கும் வரியை வாசிப்பவர் மறுபடி மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. தானாக ஒலிக்கும் பாடலை நான் மிகுந்த ஆசையுடன் இணைத்திருந்தேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸில் இருந்து வாசிக்கும் ஒருவர், திடீரென்று உடுக்கொலி எழும்பினால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் மூடுவார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இவற்றில் பல வெளித்தளங்கள் தருகிற நிரலால் இயங்குபவை என்பதையும் கவனிக்க வேண்டும். பூ உதிர்க்கும் நிரலை வழங்கிய தளம் நின்றுபோனாலோ கைமாறினாலோ, உங்கள் பக்கம் திறக்கத் தாமதமாகும், சில வேளைகளில் நீங்கள் அறியாத விளம்பரங்களும் அந்த வழியாக வந்து சேரும். கைத்தொலைபேசியில் பார்க்கும்போது பக்கப் பட்டை பெரும்பாலும் இடுகைக்கு அடியில் போய்விடுகிறது அல்லது பட்டியல் பொத்தானுக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே அங்கே அடுக்கி வைத்தவற்றைப் பலர் காண்பதேயில்லை, ஆனால் அவற்றுக்கான டேட்டா மட்டும் செலவாகிறது.

அகற்றுவதற்கு அந்தப் பெட்டியிலுள்ள பென்சில் அடையாளத்தை அழுத்தி ‘ரிமூவ்’ என்பதைத் தெரிவுசெய்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே இரவில் அகற்றாமல், ஒன்றை அகற்றியதும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான் மிச்சம் வைத்தவை தேடல் பெட்டி, என்னைப் பற்றிய இரண்டு வரி அறிமுகம், வகைகளின் பட்டியல், பழைய இடுகைகளின் தொகுப்பு ஆகிய நான்கும்தான்.

வகைகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனது வலைப்பூ மிகவும் குழம்பிப்போயிருந்தது அங்கேதான். ஒரு நாள் ‘கூத்து’ என்றும், இன்னொரு நாள் ‘கூத்துப்பாடல்’ என்றும், பிறகு ‘கூத்துப் பாடல்கள்’ என்றும் அந்தந்த நேரத்தில் தோன்றியபடி இட்டதில், ஒரே பொருளைக் குறிக்கும் பெயர்கள் பக்கத்தை நிரப்பியிருந்தன. வாசகர் ஒன்றை அழுத்தினால் மற்ற இரண்டிலும் கிடப்பவை அவருக்குக் கிடைக்காது. வடமோடி, தென்மோடி, வசந்தன், சடங்கு, அண்ணாவிமார், படங்கள் என்று ஆறு பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடுகைப் பட்டியலில் பலவற்றை ஒரே தடவையில் தெரிவுசெய்து வகை மாற்றும் வசதியைக் கொண்டு மற்ற எல்லாவற்றையும் இவற்றுக்குள் அடக்கினேன். அதற்கு இரண்டு மாலைப்பொழுதுகள் எடுத்தன. பெரிதும் சிறிதுமாகச் சிதறிக் கிடக்கும் ‘முகில்’ வடிவத்தை விட்டுச் சாதாரணப் பட்டியலாக வையுங்கள், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் முகில் வடிவத்தில் அவை ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

தமிழ் எழுத்துக்கு இடம் விடுதல்

பெரும்பாலான வடிவமைப்புகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால், கட்ஜட்டுகள் எல்லாம் போன பிறகும் பக்கம் நெருக்கமாகவே தெரியும். என்னுடைய கருத்தில் இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

முதலாவது, எழுத்தின் அளவு. றன்னகரத்துக்கு இரண்டு சுழி, டண்ணகரத்துக்கு மூன்று சுழி என்று முதலாம் வகுப்பில் படித்தோம். 13 பிக்சல் அளவில் அந்தச் சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. ‘மனம்’ என்பதையும் ‘மணம்’ என்பதையும் அந்த அளவில் எழுதிக் கைத்தொலைபேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், வயதானவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இடுகையின் உடல் எழுத்தை 17 அல்லது 18 பிக்சலுக்கு உயர்த்துங்கள். ‘தீம்’, ‘கஸ்டமைஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ என்று போனால் இதை மாற்றும் இடம் வரும்.

இரண்டாவது, வரிகளுக்கிடையிலான வெளி. தமிழில் ‘கீ’ என்பதன் சுழி மேலே எழுகிறது, ‘ழூ’ என்பதன் வளைவு கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். அதே ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் சீஎஸ்எஸ் எனப்படும், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நிரலைச் சேர்ப்பதற்கென்று ஒரு பெட்டி உண்டு, அங்கே இடுகையின் உடலுக்கு ‘லைன் ஹைட்’ என்ற பண்பை 1.7 என்று வைத்தால் எழுத்துகள் மூச்சு விடுகின்றன. பாடலாக இருந்தால் நான் 1.8 வரை போவதுண்டு.

மூன்றாவது, ஓரம். இருபுறமும் நேராக வெட்டியது போல வரிகளைச் சீர்செய்வது அச்சுப் புத்தகத்தில் அழகாகத் தெரிந்தாலும் கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரைக்கு ஒத்துவராது. ‘பாடிக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரு சொல்லே பாதி வரியை எடுத்துக்கொள்வதால், அது அடுத்த வரிக்குப் போகும்போது மிச்சமிருக்கும் இரண்டு சொற்களுக்கு நடுவில் பொக்கை வாய் போல வெளி விழுகிறது. இடப்பக்கம் மட்டும் நேராக வைத்து வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். பாடல் வரிகளை எழுதும்போது வெறும் எண்டரை அழுத்தினால் ஒவ்வொரு வரியும் தனிப் பந்தியாகப் பிரிந்துவிடும். ஷிப்ட் விசையுடன் சேர்த்து எண்டரை அழுத்தினால் வரி மட்டும் உடையும், பாடலும் பாடலாக நிற்கும்.

எழுத்துருவைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற எழுத்துரு கணினியிலேயே வருகிறது, அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் பொதுவாக நோட்டோ தமிழ் எழுத்துரு இருக்கிறது, இரண்டுமே வாசிக்கத் தெளிவானவை. சாய்வெழுத்தைத் தவிருங்கள். தமிழ் அச்சில் அது வேரூன்றிய வழக்கமல்ல, பல தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவமும் இல்லாததால் உலாவி எழுத்தை இயந்திரத்தனமாகச் சரித்துக் காட்டுகிறது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட விரும்பினால் தடித்த எழுத்துப் போதும்.

நம் நாட்டில் பழைய ஆவணங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே ஒட்டினால், பாமினி இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே தெரியும், ஆகவே எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) கொண்டுவந்த பிறகே இடுகையில் சேருங்கள். வேர்டிலிருந்து பிரதிசெய்து ஒட்டும்போது அதன் நிறமும் அளவும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வந்து, ஒரே இடுகைக்குள் ஒரு பந்தி பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் நிற்கும். கன்ட்ரோல், ஷிப்ட், வி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டினால் வெறும் எழுத்து மட்டும் வரும்.

நிறமும் படமும்

பின்னணிப் படத்தை எடுத்துவிட்டு வெள்ளையோ வெள்ளைக்கு அண்மையான நிறமோ வையுங்கள். எழுத்துக்குக் கறுப்புக்கு அண்மையான நிறம், இணைப்புகளுக்கு மட்டும் இன்னொரு நிறம், அதற்கு மேல் தேவையில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்திலாவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகுதன்மை நெறிகளின் அளவு. தூய வெள்ளையில் தூய கறுப்பு 21க்கு 1. வெளிர் சாம்பல் எழுத்து அறைக்குள் நாகரிகமாகத் தெரியும், ஆனால் கல்லடிக் கடற்கரையில் நண்பகல் வெயிலில் திறந்தால் பக்கம் வெறுமையாகவே இருக்கும்.

கைத்தொலைபேசியில் எடுத்த படமொன்று ஏறக்குறைய 4 எம்பி இருக்கலாம், அப்படி எட்டுப் படங்கள் இட்டால் 32 எம்பி ஆகிவிடும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துச் சேமித்தால் ஒவ்வொன்றையும் 200 கேபி அளவுக்குள் கொண்டுவந்துவிடலாம். புளொக்கரில் படத்தைச் சேர்க்கும்போது ‘ஒரிஜினல் சைஸ்’ என்பதைத் தெரிவுசெய்யாமல் அதற்குக் கீழான அளவொன்றை எடுங்கள்.

முகப்பு

முகப்பில் ஐந்து இடுகைகளுக்கு மேல் காட்ட வேண்டாம். நீண்ட இடுகைகளில் முதல் பந்திக்குப் பிறகு ‘ஜம்ப் பிரேக்’ இட்டால், முகப்பில் அந்தப் பந்தி மட்டும் நிற்கும், விரும்பியவர் திறந்து வாசிப்பார். மேற்பட்டியலில் ‘முகப்பு’, ‘பாடல்கள்’, ‘தொடர்பு’ என்று எல்லோருக்கும் தெரிந்த சொற்களையே வையுங்கள். நான் ஒரு காலத்தில் பாடல் பகுதிக்குக் ‘களரி’ என்று பெயரிட்டிருந்தேன், கூத்து ஆடும் இடத்தைக் குறிக்கும் சொல் என்பதால் பொருத்தமான பெயர்தான், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறதென்று வெளியூர் வாசகர்கள் மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்.

இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்தல்

இவ்வளவும் முடிந்ததும், உங்கள் வலைப்பூவை முன்பு பார்த்திராத ஒருவரிடம், முடிந்தால் உங்களைவிட வயதில் மூத்த ஒருவரிடம், கைத்தொலைபேசியைக் கொடுத்து, குறிப்பிட்ட ஓர் இடுகையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் பக்கத்தில் இருங்கள். அவருடைய விரல் எங்கே தயங்குகிறது, எதை அழுத்திவிட்டுத் திரும்பி வருகிறது, எந்த இடத்தில் திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறார் என்பதை மட்டும் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி செய்யக் கை துடிக்கும், ஆனாலும் அந்த ஐந்து நிமிடமும் பொறுத்திருக்கத்தான் வேண்டும், நீங்கள் வழிகாட்டிவிட்டால் அடுத்து எதைத் திருத்துவது என்பது தெரியாமலே போய்விடும்.

நான் மறுபடியும் அண்ணாவியார் வீட்டுக்கே போனேன். அவர் ‘பாடல்கள்’ என்பதை அழுத்தி, வடமோடியைத் திறந்து, தான் சொல்லித் தந்த வரவுப் பாட்டை இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டார். கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டுக்குள் பாடியபடி வரி வரியாக இறங்கியவர் ஓரிடத்தில் நின்று, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

“மனே, நாலாம் வரியில ஒரு சொல்லு விடுபட்டுக் கிடக்கு.”

அந்தப் பாடலை இட்டு அப்போது ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. விடுபட்ட சொல்லை அவரிடமே கேட்டு, அவருடைய திண்ணையில் இருந்தபடியே சேர்த்தேன்.