பழைய ரயில் படம் எந்த ஆண்டு? பெட்டியின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பது

ஆண்டு குறிக்காத ஒரு ரயில் படத்தில் முதலில் பெட்டிகளைப் பாருங்கள், எஞ்சின் பிறகு. ஆனால் நிறம் கீழ் எல்லையை மட்டுமே தரும்: "இதற்கு முன்னால் எடுத்த படம் அல்ல." புது வர்ணம் வந்த பிறகும் பழைய வர்ணப் பெட்டிகள் பல ஆண்டுகள் ஓடுவதால் மேல் எல்லையை அதில் தேடக் கூடாது.

முதல் வேலை, பெட்டியின் வகையைப் பிரிப்பது. பெட்டியின் முனையில் இருபுறமும் வட்டத் தட்டுபோல் பஃபர் (மோதலைத் தாங்கும் பாகம்) நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ஐ.சி.எஃப் வடிவம். பஃபர் இல்லாமல் நடுவில் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மட்டும் இருந்து, பெட்டியும் சற்று நீளமாகத் தெரிந்தால் எல்.எச்.பி. என்ற புதிய வகை. இந்த வகை ஜெர்மனியிலிருந்து 2000-இல்தான் வந்தது.

இனி நிறம். ஐ.சி.எஃப் பெட்டி முழுக்கச் செங்காவியாக இருந்தால் பொதுவாகப் பழைய வேக்குவம் பிரேக் (வெற்றிட பிரேக்) காலத்தது. 1990-களில் ஏர் பிரேக் (காற்றழுத்த பிரேக்) பெட்டிகளுக்கு நீலம் வந்தது: கருநீல உடல், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. அரக்கும் இளமஞ்சளுமான 'உத்கிரிஷ்ட்' வர்ணம் 2018-இல் தொடங்கியது. வெள்ளை-நீல வந்தே பாரத் 2019, காவி-சாம்பல் வந்தே பாரத் 2023.

அதிகம் பேர் ஏமாறுவது சிவப்பு-சாம்பல் எல்.எச்.பி-யில். முதலில் ராஜ்தானியின் அடையாளமாக இருந்த அந்த நிறம் பின்னர் சாதாரண எக்ஸ்பிரஸ்களுக்கும் பரவியது. சிவப்பைக் கண்டதும் 'ராஜ்தானி' என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல, நீலப் பெட்டியின் முனையில் தெரியும் வெள்ளைச் சாய்கோடுகள் காலத்தைக் காட்டுபவை அல்ல. அது முன்பதிவில்லாப் பெட்டி, அவ்வளவுதான்.

எழுத்து தெரிகிற அளவுக்குப் படம் தெளிவாக இருந்தால் நிறத்தைவிட எண் நம்பகமானது. 'எஸ்.ஆர். 98204' என்றால் தெற்கு ரயில்வே, 1998-இல் கட்டிய பெட்டி. கடைசி மூன்று இலக்கம் 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை பொதுப்பெட்டி. 1998 என்பது பெட்டி பிறந்த ஆண்டு, படம் எடுத்த ஆண்டு அல்ல. இதை மறப்பவர்கள் ஏராளம். மண்டலப் பெயரும் உதவும்: 'எஸ்.டபிள்யூ.ஆர்.' (தென்மேற்கு ரயில்வே) என்றிருந்தால் 2003-க்கு முன் வாய்ப்பில்லை.

எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி, பெட்டியின் முனைச் சுவரில் எழுதும் பி.ஓ.எச். (குறித்த காலத்தில் செய்யும் முழுப் பராமரிப்பு) தேதியும் அடுத்து ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப வேண்டிய தேதியும். அவை கிடைத்தால் படம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அபூர்வமாகத்தான் படத்தில் விழும்.

ரயில்வேயின் வட்டச் சின்னத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். படத்தில் பச்சை விளக்கு ஏந்திய யானை 'போலு' இருந்தால் மட்டும் பயன் உண்டு: அது 2002-இல் வந்தது.

பழைய பிரிண்டில் சாயம் வெளுத்து நீலம் ஊதாவாகும், செங்காவி பழுப்பாகும். படத்தில் நிலையப் பெயர்ப்பலகை இருக்கிறதா பாருங்கள். அந்த மஞ்சள் சரியாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்திவிட்டு, பிறகு பெட்டிக்கு வாருங்கள். அப்போதே எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறித் தெரிகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். நெகட்டிவைப் புரட்டி ஸ்கேன் செய்தவை நிறையவே சுற்றுகின்றன.