77 கிலோ எங்க போச்சு? டீத்தூளை வச்சு வகுப்புல குழுக் கற்றல் ஆரம்பிக்கிறது எப்படி

கோத்தகிரி பக்கத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில ஆறு, ஏழு, எட்டுக்கு அறிவியல் எடுக்கிறேன். புதுசா வேலைக்கு வர்ற டீச்சருங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே விஷயத்தைத் தான் கேக்குறாங்க, "பிள்ளைங்கள குழுவா உக்கார வச்சுட்டேன், ஒரு பிள்ளை எழுதுது, மிச்ச மூணும் வேடிக்கை பாக்குது, என்ன பண்றது?" எனக்கும் முதல் வருஷம் அதே தான் நடந்துச்சு. சார்ட் பேப்பர் குடுத்தேன், ஸ்கெட்ச் குடுத்தேன், வகுப்புல முதல் ரேங்க் எடுக்கிற பையன் மொத்தத்தையும் முடிச்சு வச்சான். அதே குழுவுல இருந்த ஒரு பொண்ணு முப்பது நிமிஷமும் ஸ்கெட்ச் மூடியை மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டி உக்காந்திருந்துச்சு. தப்பு அந்தப் பொண்ணு மேலயும் இல்ல, பையன் மேலயும் இல்ல. நான் குடுத்த வேலைய ஒரு ஆளே முடிச்சிரலாம், அப்புறம் எதுக்கு நாலு பேர்?

அதனால இதுல நான் சொல்ல வர்றது ஒண்ணு தான். ஒரு பிள்ளை தனியா உக்காந்து முடிக்கவே முடியாத கேள்வியா குடுங்க. பெஞ்சை எப்படித் திருப்பிப் போடுறது, குழுவுக்கு என்ன பேரு வைக்கிறது, இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

நான் சொல்லப் போற முறைக்கு ஜிக்சான்னு பேரு. 1971ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல ஆஸ்டின்ங்குற ஊர்ல எலியட் அரான்சன்னு ஒரு உளவியல் பேராசிரியர் ஆரம்பிச்சது. வெள்ளைக்காரப் பிள்ளைங்க, கறுப்பினப் பிள்ளைங்க, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைங்க எல்லாரையும் அப்பத்தான் ஒரே வகுப்புல சேர்த்திருந்தாங்க, வகுப்புக்குள்ள ஒரே சண்டை, பகை. பாடத்தைத் துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. ஒருத்தன் கையில இருக்கிற துண்டு இன்னொருத்தனுக்குத் தேவைப்பட்டா அவன் பேசுறத இவன் காது குடுத்துக் கேட்டுத் தானே ஆகணும், அவர் பண்ணது அவ்வளவு தான். நம்ம மலையிலயும் ஒரே ரூம்ல படுகர் வீட்டுப் பிள்ளை இருக்கும், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைங்க இருக்கும், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைங்க இருக்கும். ஒரே பெஞ்சுல தான் உக்காருவாங்க, பேச்சு மட்டும் அவங்கவங்க ஊர்ப் பிள்ளைங்களோட. அதனால தான் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஸ்டெப் 1: ரெண்டு வாரம் ஜோடியாப் பேசப் பழக்குங்க

நேரா ஜிக்சாவுக்குப் போகாதீங்க. பிள்ளைங்களுக்குப் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பாடத்தைப் பத்திப் பேசியே பழக்கம் இருக்காது, பேசினா அடி விழும்னு தான் இத்தனை வருஷம் பழக்கி வச்சிருக்கோம். திங்க் பேர் ஷேர்னு ஒரு சின்ன முறை இருக்கு, 1981ல ஃபிராங்க் லைமன் சொன்னது. கேள்வி கேளுங்க, ஒரு நிமிஷம் எல்லாரும் தனியா யோசிக்கட்டும், அடுத்த ரெண்டு நிமிஷம் பக்கத்துப் பிள்ளைகிட்ட பேசட்டும், அப்புறம் வகுப்புக்குச் சொல்லட்டும். சொல்றப்போ "நீ என்ன நினைச்ச"ன்னு கேக்காம "உன் பக்கத்துல இருக்கிறவங்க என்ன சொன்னாங்க"ன்னு கேளுங்க, காது திறக்குறது அங்க தான்.

அந்த ஒரு நிமிஷம் அமைதிய மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. கேள்வி கேட்டுட்டு நாம ஒரு செகண்ட் கூட பொறுக்குறதில்ல, மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் வகுப்புகள்ல பதிவு பண்ணிப் பாத்து இதைத் தான் சொன்னாங்க, மூணு செகண்ட் பொறுத்தாலே பிள்ளைங்க பதில் நீளமா வருது, பேசாத பிள்ளையும் பேசுது.

ஸ்டெப் 2: கேள்வியை வெட்டுங்க

முக்கால்வாசி வேலை இங்க தான் இருக்கு, அதனால நான் பண்ண பாடத்தையே முழுசா சொல்றேன்.

பாடம் இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம். மெழுகுவர்த்தி, துரு, பால் தயிர் ஆகுறதுன்னு வருஷா வருஷம் அதே உதாரணம் தான் ஓடும். எங்க பிள்ளைங்க வீட்டைச் சுத்தித் தேயிலை, பாதிப் பேர் வீட்டுல அம்மா கொழுந்து பறிக்கப் போறாங்க. அதனால போர்டுல இப்படி எழுதினேன்:

"100 கிலோ பச்சை இலை ஃபேக்டரிக்குள்ள போகுது, 23 கிலோ டீத்தூள் வெளிய வருது. மிச்சம் 77 கிலோ எங்க போச்சு? எந்த இடத்துல புதுப் பொருள் உருவாச்சு?"

பதிலை நாலு கார்டா வெட்டினேன். ஒவ்வொரு கார்டும் அரைப் பக்கம் தான், கையால எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன்.

முதல் கார்டு வாட்டுறது. பச்சை இலையில முக்கால் பங்குக்கு மேல தண்ணி, 100 கிலோவுல 78 கிலோ தண்ணின்னு கணக்குக்கு வச்சுக்கிட்டேன். நீளமான தொட்டி மாதிரி ட்ரஃப்ல இலையைப் பரப்பி அடியிலிருந்து காத்து விடுவாங்க, 12 லேர்ந்து 18 மணி நேரம். இலை துவண்டு போகும், மடக்கினா உடையாது. எடை 73 கிலோ ஆயிருக்கும்.

ரெண்டாவது சிடிசி மெஷின். பல்லு பல்லா இருக்கிற ரெண்டு உருளை எதிரெதிரா வேற வேற வேகத்துல சுத்தும், இலை நடுவுல போய் நசுங்கிக் கிழிஞ்சு சுருண்டு வரும். இலையோட செல் எல்லாம் உடைஞ்சு சாறு வெளிய வந்துரும். எடை அதே 73.

மூணாவது தான் முக்கியமான இடம். ஃபேக்டரியில ஃபெர்மென்டேஷன்னு சொல்வாங்க, ஆனா மாவு புளிக்கிற மாதிரி நுண்ணுயிரி பண்ற வேலை இல்ல. சாறுல இருக்கிற பாலிஃபீனால்ங்குற வேதிப்பொருள் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட சேருது, இலையிலயே இருக்கிற ஒரு நொதி அதை நடத்தி வைக்குது. பச்சை நிறம் போய் செம்பு நிறம் வரும், வாசனை மாறும். எடையில பெருசா மாத்தம் இருக்காது.

நாலாவது ட்ரையர். 100 டிகிரி சுமாருக்கு சூடான காத்து. நொதி செத்துப் போகும், மாற்றம் அங்கயே நிக்கும், எடை 73 லேர்ந்து 23க்கு இறங்கும். தூள்ல கடைசியா 3 சதவீதம் அளவுக்குத் தான் ஈரம்.

இப்ப பாருங்க, மூணாவது கார்டு வச்சிருக்கிற பிள்ளைக்குப் புதுப் பொருள் எங்க உருவாச்சுன்னு தெரியும், எடை எங்க போச்சுன்னு தெரியாது. வாட்டுற கார்டு பிள்ளைகிட்ட 27 கிலோ கணக்கு இருக்கு, ட்ரையர் பிள்ளைகிட்ட 50 கிலோ இருக்கு, ரெண்டையும் கூட்டாம 77 வராது. சிடிசி கார்டுல எடையும் குறையல, புதுப் பொருளும் வரல, அதனால அந்தப் பிள்ளை முதல்ல "என் கார்டு வேஸ்ட் டீச்சர்"னு சொல்லும். சொல்லட்டும். செல் உடையாம சாறு எப்படிக் காத்தைத் தொடும்னு மூணாவது கார்டு பிள்ளை கேக்குறப்போ தான் அதோட கார்டுக்கு மதிப்பு தெரியும். நீங்க எந்தப் பாடத்தை எடுத்தாலும் இப்படி வெட்ட முடியுதான்னு பாருங்க. பாடத்தை நாலு பத்தியாப் பிரிச்சு ஆளுக்கொரு பத்தி படிங்கன்னு குடுத்தா அது ஜிக்சா ஆகாது, ஏன்னா ஒருத்தர் பத்தி இன்னொருத்தருக்குத் தேவையே படல.

ஸ்டெப் 3: குழு பிரிக்கிறது

நாலு பேர் போதும், ஆறு பேர் வேண்டாம், ஆறுன்னா ரெண்டு பேர் கண்டிப்பா ஒளிஞ்சுக்குவாங்க. யார் யார் ஒண்ணா இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணி முந்தின நாளே எழுதி வச்சுக்கோங்க. பிள்ளைங்கள விட்டா ஊர்க்காரங்களாத் தான் சேருவாங்க, கடைசியில யாரும் கூப்பிடாத ஒரு பிள்ளை நடுவுல நிக்கும், அதைப் பாக்கவே மனசு கேக்காது. என் வகுப்புல 28 பேர், ஏழு குழு. 30 பேர் இருந்தா ரெண்டு குழுவுல அஞ்சு பேர் வரும், அங்க ரெண்டு பிள்ளை ஒரே கார்டைப் பகிர்ந்துக்கலாம். லீடர்னு யாரையும் போடாதீங்க, போட்டா மத்தவங்க லீடர் பாத்துக்குவாங்கன்னு உக்காந்துருவாங்க.

ஸ்டெப் 4: ஒரே கார்டு ஆளுங்க ஒண்ணா உக்காரணும்

சொந்தக் குழுவுல கார்டை வாங்கினதும் எந்திரிச்சு, அதே கார்டு வச்சிருக்கிற மத்த குழுப் பிள்ளைங்களோட போய் உக்காரணும். 28 பேர்ல ஒரு கார்டுக்கு ஏழு பேர் வருவாங்க, அது கூட்டம், மூணு நாலுன்னு ரெண்டு வட்டமாப் போடுங்க. இருபது நிமிஷம் குடுங்க. படிக்கணும், புரியாததைக் கேக்கணும், கடைசியா கார்டைக் கவுத்து வச்சுட்டு ஒவ்வொருத்தரும் வாயால சொல்லிப் பாக்கணும். திரும்பிப் போய் சொல்லிக் குடுக்கப் போறது இவங்க தான், அதனால இந்த ஒத்திகைய விட்டுறாதீங்க. நீங்க சுத்தி வர்றப்போ சத்தமாப் பேசுற பிள்ளைகிட்ட நிக்காம, பேசாத பிள்ளை பக்கத்துல போய்க் குனிஞ்சு "எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க.

இந்த வட்டத்துல எந்த மொழியில வேணும்னாலும் பேசலாம்னு நான் விட்டுருவேன். படுக மொழியில பேசிப் புரிஞ்சுக்கிட்டு தமிழ்ல சொல்லட்டும், என்ன குறைஞ்சு போச்சு?

அந்த ஸ்கெட்ச் மூடிப் பொண்ணைச் சொன்னேன்ல, ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பாடத்துல அதுக்கு மூணாவது கார்டு வந்துச்சு. மருந்து அடிக்காத செடியிலிருந்து கொஞ்சம் கொழுந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தேன். அது ரெண்டு இலை ஒரு மொட்டை எடுத்து உள்ளங்கையில வச்சு இன்னொரு கையால அழுத்தித் தேச்சுது, இலை பிசுபிசுன்னு ஆகி சின்ன உருண்டை ஆச்சு, அதை ஈரக் கர்ச்சீஃப்ல மூடி பெஞ்சு மேல வச்சுது. பிரிச்சுப் பாக்குறப்போ உருண்டையோட ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்துச்சு, உள்ளங்கை ரேகையிலயும் கறை. "எங்கம்மா கையும் இப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு கையை விரிச்சுக் காட்டுச்சு. முதல் ரேங்க் பையன்கிட்ட இந்தக் கார்டு இல்ல, அவன் தான் முதல்ல எட்டிப் பாத்தான்.

ஸ்டெப் 5: சொந்தக் குழுவுக்குத் திரும்புறது

ஆளுக்கு ஆறு நிமிஷம், 24 நிமிஷம் ஆகும். கார்டைக் காட்டிப் படிக்க விடாதீங்க, சொல்லணும், மத்தவங்க கேள்வி கேக்கணும், நோட்ல எழுதிக்கணும். எல்லாரும் சொல்லி முடிச்சப்புறம் போர்டு கேள்விக்கு வரட்டும். ஒரு 40 நிமிஷப் பீரியட்ல இதெல்லாம் முடியாது, ஹெச்எம் கிட்ட முன்னாடியே கேட்டு ரெண்டு பீரியட் சேர்த்து வாங்கிருங்க, பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்டயும் இன்னிக்கு சத்தம் வரும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.

வேகமா முடிக்கிற குழுவுக்கு ஒரு கேள்வி கையில வச்சுக்கோங்க. நான் கேக்குறது, "க்ரீன் டீ மட்டும் ஏன் பச்சையாவே இருக்கு?" அங்க முதல்லயே சூடு குடுத்து நொதியை நிறுத்திர்றாங்க. நாலாவது கார்டு பிள்ளையும் மூணாவது கார்டு பிள்ளையும் சேர்ந்து யோசிச்சா கண்டுபிடிச்சிருவாங்க, நீங்க சொல்லிறாதீங்க.

ஸ்டெப் 6: டெஸ்ட் தனித்தனியா

பத்து நிமிஷம், அஞ்சு கேள்வி, நாலு கார்டுலேர்ந்தும் வரணும், பேச்சு கிடையாது. குழு மார்க் போடவே போடாதீங்க, இதுல நான் பிடிவாதமா இருக்கேன். குழு மார்க் போட்டா நல்லாப் படிக்கிற பிள்ளை மத்தவங்க மேல கோவப்படும், அப்புறம் பழையபடி தானே எல்லாத்தையும் எழுதும். தனி மார்க்னா, பக்கத்துல இருக்கிறவன் எனக்கு ஒழுங்கா சொல்லிக் குடுக்கணுமேன்னு ஒவ்வொருத்தரும் கேட்டு வாங்குவாங்க.

மழைக்காலத்துக்குன்னு சில விஷயம்

அக்டோபர் நவம்பர்ல எங்க பக்கம் மழை பிடிச்சா ஷீட் கூரையில விழுற சத்தத்துல நான் கத்துறது மூணாவது பெஞ்சுக்குக் கூட கேக்காது, ஆனா நாலு பிள்ளைங்க தலை முட்டுற மாதிரி உக்காந்து பேசுறது அவங்களுக்குள்ள நல்லாவே கேக்கும், அதனால மழை நாள்ல தான் நான் இதை அதிகமாப் பண்றேன். அமைதிக்குக் கை தூக்குறது தான் சிக்னல், பாக்குற பிள்ளை தானும் தூக்கணும், அஞ்சு செகண்ட்ல பரவிரும்.

ஆப்சென்ட் தான் பெரிய தொல்லை. பஸ் வரல, வழியில காட்டெருமை நிக்குதுன்னு ரெண்டு மூணு பேர் வரமாட்டாங்க, ஒரு கார்டு இல்லன்னா அந்தக் குழுவே நின்னுரும். காலையில அட்டெண்டன்ஸ் எடுத்ததும் குழுவை மறுபடி சரி பாருங்க. மூணு பேர் மட்டும் இருக்கிற குழுவுல ஒருத்தருக்கு சிடிசி கார்டையும் சேர்த்துக் குடுத்துருவேன், அது சின்னது.

முதல் தடவை குளறும். நேரம் பத்தாது, ஒரு வட்டம் கதை பேசும், யாராவது அழும். மூணாவது தடவை தான் எனக்கு நான் நினைச்ச மாதிரி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் ஒரு துண்டுச் சீட்டுல "உனக்கு யார் என்ன சொல்லிக் குடுத்தாங்க"ன்னு மட்டும் எழுதி வாங்குங்க, எந்தப் பேர் ஒரு சீட்டுலயும் வரலையோ அந்தப் பிள்ளைக்கு அடுத்த தடவை முக்கியமான கார்டைக் குடுங்க.

அடுத்த பாடத்துக்கு நான் வெட்டி வச்சிருக்கிறது நம்ம மலை ரயில். மேட்டுப்பாளையத்துல கிளம்பி குன்னூர் வரைக்கும் என்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடியிருந்து தள்ளிக்கிட்டு வரும், ஏன்? ஏத்தம் ஒரு கார்டு, கல்லாறு தாண்டினா தண்டவாளத்துக்கு நடுவுல வர்ற பல்சட்டம் ஒரு கார்டு, பிரேக் ஒரு கார்டு, பெட்டியை இணைக்கிற கொக்கி ஒரு கார்டு.