பழைய கை சிக்னலுக்கு எல்ஈடி போட்டது – என் அனுபவம்

கொழும்புல நாங்க கொஞ்சப் பேர் சம்பளமில்லாம பார்த்துக்கொள்ற பழைய ரயில்வே ஸ்டேஷன்ல கை சிக்னல் ஒண்டு இருக்கு (கம்பத்துல கை மாதிரி நீட்டின பலகை அசைஞ்சு ரயிலுக்குச் சைகை காட்டும், ராவில விளக்குக்கு முன்னால நிறக் கண்ணாடி வரும்), அதுட மண்ணெண்ணெய் விளக்க எடுத்துட்டு வெள்ளை எல்ஈடி போட்டிருந்தாங்க, ராவில பார்த்தா பச்சைக்குப் பதிலா நீலம்தான் தெரிஞ்சது. கண்ணாடிய மாத்துவம் எண்டு எல்லாரும் சொன்னாங்க, நான் விடல்ல, அவ்வளவு பழைய கண்ணாடி திரும்பக் கிடைக்காது, பிழையும் அதுல இல்ல. மண்ணெண்ணெய் சுடர் மஞ்சள், அதுல நீல வெளிச்சம் குறைவு, அதனாலதான் அந்தக் காலத்துல கண்ணாடிய நீலம் கலந்த பச்சையா செஞ்சாங்க, சுடர் அதுக்குள்ளால வரும்போது சரியான பச்சையாகும். போட்டிருந்த வெள்ளை எல்ஈடி 6500 கெல்வின் (வெளிச்சத்துட நிறத்தைச் சொல்ற அளவு, எண் கூடினா நீலமும் கூடும்), அதுல நீலம் அதிகம், அதனாலதான் பச்சை நீலமா தெரிஞ்சது.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல 2700 கெல்வின் வோர்ம் (மஞ்சள் கலந்த) எல்ஈடி, 12 வோல்ட், வாங்கி பழைய சுடர் நிண்ட அதே உயரத்துல லென்ஸுக்கு நேரா பூட்டினன். இந்த உயரம்தான் முக்கியம், கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் வேற பக்கம் போயிடும், தூரத்துல வாற டிரைவருக்கு மங்கலாத்தான் தெரியும். இப்ப பச்சை பச்சையா இருக்கு, சிவப்பும் முந்தினத விட நல்லம். விளக்குட மேல் துவாரத்த மட்டும் அடைக்காதீங்க, உள்ளுக்கு ஈரம் நிண்டா இந்தக் கடல் காத்துக்கு வயர் முனையெல்லாம் களிம்பு பிடிச்சிடும்.