பழைய மோட்டார் சைக்கிளில் லித்தியம் பெட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ், மைனஸ் மாறிவிடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பெட்டரியை மட்டும் வாங்கி வந்து மாட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் வேறு.

ரெகுலேட்டரைப் பாராமல் மாட்டுவது

ஹொண்டா சி70 போன்ற 6 வோல்ட் வண்டிகள் பலவற்றில் பெட்டரி சார்ஜுக்கு வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரே கிடையாது. காந்தச் சக்கரம், கொயில், ஏசியை டிசியாக்கும் ஒரு ரெக்டிஃபையர், அவ்வளவுதான். மிஞ்சுகிற கரண்டை ஈய அமிலப் பெட்டரியே விழுங்கும். கொதித்துத் தண்ணீர் குறையும், டிஸ்டில்ட் வோட்டர் ஊற்றிச் சமாளிப்போம்.

வண்டிகளுக்கு வரும் லித்தியம் பெட்டரி (லித்தியம் அயர்ன் பொஸ்பேட் வகை) அப்படி விழுங்காது. ஒரு செல் 3.6 வோல்ட்டில் நிரம்பிவிடும்: 12 வோல்ட் பெட்டரியில் நான்கு செல், 14.4; 6 வோல்ட்டில் இரண்டு செல், 7.2. அதற்குமேல் தள்ளினால் வோல்ட் சடாரென ஏறும். உள்ளே பாதுகாப்பு சர்க்கிட் இருந்தால் அது பெட்டரியைத் துண்டித்துவிடும். உடனே கொயிலின் வோல்ட் முழுவதும் இண்டிகேட்டர் பல்புக்கும் ரிலேக்கும் பாயும். சர்க்கிட் இல்லாத மலிவுப் பெட்டரி வீங்கும்.

இதில் எரிச்சல் தருவது, ஐடிலில் மீட்டர் வைத்து 13.2 என்று கண்டதும் திருப்திப்படுவதுதான். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊரும்வரை ஒன்றும் நடக்காது. நீர்கொழும்பு வீதியில் இழுத்து ஓடும்போதுதான் வினை.

சரியான முறை: நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டரியை முழுதாக சார்ஜ் செய்து மாட்டுங்கள். ஹெட்லைட்டை அணைத்து, 4,000 முதல் 5,000 ஆர்பிஎம் வரை ஏற்றி, பெட்டரி முனையிலேயே அளவெடுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை நல்லது. 14.6ஐத் தாண்டினால் லித்தியத்தை மறந்துவிடுங்கள், ரெகுலேட்டர் சரியாகும்வரை.

60களின் பிற்பகுதி ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ வண்டிகளில் ரெகுலேட்டருக்குப் பதிலாக ஸீனர் டயோட் இருக்கும். அது 15 வோல்ட்வரைகூட விடலாம். அதையும் பழைய ரெக்டிஃபையரையும் கழற்றிவிட்டு, இரண்டும் சேர்ந்த புதிய யூனிட்டைப் போடுங்கள். இவை பெரும்பாலும் பிளஸ் எர்த் வண்டிகள், அதாவது பெட்டரியின் பிளஸ் முனைதான் சட்டத்தோடு இணைந்திருக்கும். கடையில் அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கிக்கரில் ஓடுகிற சி70க்கு இவ்வளவு செலவு தேவையா என்றால், தேவையில்லை. சீல் செய்த ஈயப் பெட்டரியே போதும்.

ஸ்டிக்கரை நம்புவது

“12 ஆம்பியர் அவர்” என்று பெரிதாக இருக்கும். “ஈய அமிலத்துக்குச் சமம்” என்பது பொடி எழுத்தில். உள்ளே இருப்பது 4 ஆம்பியர் அவராக இருக்கலாம். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும். ஆனால் 35 வாட் ஹெட்லைட்டை அணைக்க மறந்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் காலி. 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்த பெட்டரி பழையபடி திரும்புவது அரிது.

பழைய சார்ஜர்

சல்பேட் நீக்கும் மோட் உள்ளதா? கிட்டவே கொண்டுவராதீர்கள்.

பியூஸ்

15 ஆம்பியர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே. லித்தியம் ஷோர்ட்டானால் வயர் உருகும்வரை கரண்டைக் கொட்டும்.

பெட்டியில் ஆட்டம்

புதியது அளவில் சிறியது. சுற்றிலும் கெட்டியான ஃபோம் வைத்து ரப்பர் பட்டியால் இறுக்குங்கள். எஞ்சின் சூடு படுகிற பக்கம் ஒட்டவிடாதீர்கள்.