ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரி வானிலை அறிவிப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நீலகிரிக்கு வரும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே வரிதான்: "நீலகிரி, கோவை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு." கேரட்டை இன்று பிடுங்குவதா, இரண்டு நாள் விடுவதா, தேயிலைக்கு மருந்து அடிப்பதா, மேட்டுப்பாளையத்துக்கு லாரியை இறக்குவதா என்று பலரும் அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அப்புறம் மழை வேறு மாதிரி பெய்தால் வானிலை மையத்தைத் திட்டுகிறோம். பல நாட்களில் அறிவிப்பு சரியாகவே இருந்திருக்கும், நாம் படித்த விதம்தான் பிசகியிருக்கும். சமவெளியில் அந்தப் பிசகுக்கு விலை ஒரு நனைந்த சட்டை. மலையில் அது விளைச்சலையும் சில நேரம் உயிரையும் வாங்கிவிடும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் முடிவெடுப்பது

"ஓரிரு இடங்களில்" என்பதை லேசான மழை என்று எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்கிற தவறு. அந்தச் சொல்லுக்கும் மழையின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகும் என்றால் "ஓரிரு இடங்களில்" என்பார்கள். கால் பங்குக்கு மேல் பாதி வரை என்றால் "ஒருசில இடங்களில்", பாதிக்கு மேல் முக்கால் வரை என்றால் "பல இடங்களில்", அதற்கும் மேல் என்றால் "பெரும்பாலான இடங்களில்". மலையில் அந்த ஓரிரு இடங்களில் ஒன்று பர்லியாராகவோ மரப்பாலமாகவோ இருந்துவிட்டால் போதும், மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டு, ஒரு சொட்டு மழை பெய்யாத ஊருக்கும் வண்டி போகாது.

அந்த ஓரிரு இடம் எதுவாக இருக்கும் என்று ஊகிக்கக் காற்றைப் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் காற்று கேரளப் பக்கமிருந்து ஏறுகிறது. அப்போது கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி பகுதிகள் நனைந்து ஊறும். ஐப்பசிக்கு மேல் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி, பர்லியார் சரிவுகள் அதற்கு நேராக மார்பைக் காட்டி நிற்பவை. ஈரக்காற்று அந்தச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையைக் கொட்டிவிட்டுத்தான் மேற்கே போகும். எனவே கூடலூர்க்காரர் ஆடியில் கற்ற பாடத்தைக் கோத்தகிரிக்காரர் கார்த்திகையில் பயன்படுத்த முடியாது. மழை விடுமுறை விடும்போதுகூட மாவட்டம் முழுவதற்கும் விடாமல் தாலுகா பார்த்து விடும் நாட்கள் உண்டு. நாமும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2009 நவம்பர் 10 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. பெய்தது. இரண்டு இடங்களுக்கும் நேர்கோட்டுத் தொலைவு 20 கி.மீ.கூட இல்லை. ஒன்று மேற்குப் பருவத்தின் பிள்ளை, மற்றொன்று கிழக்குப் பருவத்தின் பிள்ளை.

போன் காட்டும் டிகிரியை அப்படியே நம்புவது

போனில் உள்ள வானிலைச் செயலிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 10 முதல் 25 கி.மீ. வரை இருக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இரண்டும் ஒரே கட்டத்திலோ அடுத்தடுத்த கட்டத்திலோ விழுந்துவிடும். அந்தக் கட்டத்துக்குச் செயலி ஒரு சராசரி உயரத்தை வைத்துக்கொள்கிறது. உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆக, உங்கள் ஊர் அந்தச் சராசரியைவிட 500 மீட்டர் மேலே இருந்தால் செயலி சொன்னதைவிட மூன்று டிகிரி குளிரும். ஊட்டியின் எண்ணைத் தொட்டபெட்டாவுக்கும் மசினகுடிக்கும் வைத்துக்கொள்வதும் இதே கதைதான்.

செயலி காட்டும் மழைச் சதவீதமும் இப்படித்தான். 60 சதவீதம் என்றால் மழை பெய்ய அவ்வளவு வாய்ப்பு என்றுதான் பொருள். பகலில் 60 சதவீத நேரம் பெய்யும் என்றோ, பலமாகப் பெய்யும் என்றோ பொருள் இல்லை.

மூடுபனியையும் மழை அறிவிப்பில் தேடக் கூடாது. மழை இல்லை என்று போட்டிருக்கும் நாளிலும் மேகம் சாலையில் இறங்கி, முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்கு தெரியாமல் போகும். மேட்டுப்பாளையம், குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர்கள் இதைச் சொல்லிக் கேட்காத சுற்றுலாக்காரர்கள்தான் அதிகம்.

இன்றைய மழையை மட்டும் பார்ப்பது

நான் மிகவும் அஞ்சும் தவறு இதுதான். "இன்று மஞ்சள் எச்சரிக்கைதான், ஆரஞ்சு இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை" என்ற பேச்சை ஒவ்வொரு நவம்பரிலும் கேட்கலாம். அறிவிப்பு சொல்வது வரப்போகும் மழையை. மலை சரிவது ஏற்கெனவே உள்ளே இறங்கிய நீரையும் சேர்த்து.

அளவுகளை முதலில் பார்த்துவிடலாம். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிகக் கனமழை, 204.5 மி.மீ. தொட்டால் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. செய்தியில் "10ஆம் தேதி பதிவான மழை" என்றால் அதில் பெரும்பகுதி 9ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல், நேற்று ராத்திரி பெய்த மழையை இன்று வரப்போகும் மழையாக நினைத்துக் குழம்புபவர்கள் உண்டு. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். 20 செ.மீ. பெய்தால் ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் சுமார் 8,000 லிட்டர். அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி.

நீலகிரியின் பாறைக்கு மேல் பல இடங்களில் ஆழமான, மட்கிய செம்மண் படிந்திருக்கிறது. முதல் இரண்டு நாள் மழையை அது குடித்துவிடும். அதற்குப் பிறகு மண் துளைகள் நிரம்பி, உள்ளே நீரின் அழுத்தம் ஏறி, மண்ணுக்கும் பாறைக்கும் இடையிலான பிடி தளர்கிறது. வீட்டுக்காகவோ சாலைக்காகவோ சரிவின் அடியை வெட்டியிருந்தால், காய்கறிக்காக மரங்களை எடுத்திருந்தால், வடிகாலை மண் மூடியிருந்தால் அதற்கு அப்புறம் பெரிய மழைகூடத் தேவையில்லை. ஐந்தாம் நாள் பெய்யும் 5 செ.மீ. மழை, முதல் நாள் பெய்த 12 செ.மீ. மழையைவிட ஆபத்தாவது இப்படித்தான்.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து சாலையையும் ரயில் பாதையையும் மக்களையும் அடித்துச் சென்றது. 2009 நவம்பரில் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டும் நவம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியே நடந்தன. அந்தச் சமயம் வந்தாலே எண்ணிக்கொண்டே இருங்கள்: கடந்த மூன்று நாட்களில் நம் ஊரில் மொத்தம் எவ்வளவு பெய்தது? வாசலில் நேர்ச்சுவருள்ள டப்பா ஒன்றை வைத்து ஸ்கேலால் அளந்தாலும் போதும்.

அறிவிப்பு எதுவாக இருந்தாலும் சில அடையாளங்கள் கண்ணில் பட்டால் யோசிக்கவே கூடாது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதிய விரிசல், நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று பிடிப்பது, கம்பமோ மரமோ சாய்ந்து நிற்பது, தெளிவாக வந்த ஊற்று திடீரெனச் செம்மண் நிறமாவது. தடுப்புச் சுவரின் துளைகளையும் பாருங்கள். மழை கொட்டும்போது அவற்றிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடியாமல் நின்றுபோய் சுவர் வயிறு தள்ளினால், நீர் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது என்று அர்த்தம். வெளியேறி, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குச் சொல்லுங்கள். பகலிலேயே வெளியேறுவது நல்லது. இருட்டில் மலைச்சரிவில் குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு நடப்பது லேசான காரியம் இல்லை.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையத்தைத் தொடங்கியது. டார்ஜிலிங், கலிம்போங்குடன் நீலகிரிக்கும் அது நிலச்சரிவு அறிவிப்பு தருகிறது. மழை அறிவிப்போடு அதையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் ஊராட்சிகளில் வர வேண்டும்.

"புயல்தான் கரையைக் கடந்துவிட்டதே"

சென்னைத் தொலைக்காட்சிகளைப் பார்த்து மலையில் இருப்பவர்கள் செய்யும் தவறு இது. வங்கக் கடல் புயல் கரையேறியதும் செய்தி ஓய்ந்துவிடும். அது வலுவிழந்து மேற்கே நகர்ந்து மலையில் முட்டும்போதுதான் நம் மழை தொடங்கும். 2009இல் நடந்தது இன்னும் விசித்திரம். குமரிக் கடல் பக்கம் உருவான தாழ்வுநிலை அரபிக் கடலுக்குள் போய், ஃபியான் புயலாகி, நவம்பர் 11 அன்று மகாராஷ்டிரக் கரையை அடைந்தது. நமக்கு நேராக எந்தப் புயலும் வரவில்லை. அது ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு போன வழியில்தான் கேத்தியில் அந்த 82 செ.மீ. விழுந்தது. "அரபிக் கடலுக்குப் போய்விட்டது" என்ற வரியைப் படித்து நிம்மதி அடையாதீர்கள்.

பருவம் தொடங்கும் முன் வரும் "இயல்பை ஒட்டிய மழை" அறிவிப்பையும் ஊருக்கு இழுக்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உள் கர்நாடகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. இயல்பான மழை ஆண்டிலும் மூன்று நாளில் மலை சரியலாம்.

குறைந்தபட்சம் 4 டிகிரி, எனவே உறைபனி இல்லை என்பது

வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உறைபனி விழுவது புல்லிலும் கேரட் இலையிலும் தேயிலைக் கொழுந்திலும். வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானுக்கு விட்டுவிட்டுப் பெட்டியைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் 3, 4 டிகிரி காட்டும்போதே புல் நுனி உறைந்திருக்கும்.

மேலே போகப்போகத்தான் குளிர் என்பதும் இந்த இரவுகளில் தலைகீழாகும். குளிர்ந்த காற்று கனமானது, அது சரிவு வழியே பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். ஊட்டியில் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்கள் முதலில் வெளுப்பது அதனால்தான். ஒரே தோட்டத்தில் மேட்டுப் பாத்தி பச்சையாகவும் ஓடையோரப் பாத்தி வெள்ளையாகவும் இருப்பதை விடியலில் போய்ப் பார்த்தால் தெரியும். எனவே அறிவிப்பில் வெப்பநிலையோடு மேகமூட்டத்தையும் காற்றின் வேகத்தையும் படியுங்கள். மேகம் மூடிய 4 டிகிரி இரவைவிட, வானம் தெளிந்து காற்று அடங்கிய 5 டிகிரி இரவு பயிருக்கு மோசம்.

மருந்து அடிப்பவர்களுக்கும் இதே வரிகள்தான் உதவும். தேயிலையில் கொப்புள நோயும் உருளைக்கிழங்கில் பின்கருகலும் பரவுவது மழை அளவால் மட்டும் அல்ல, நாள்கணக்கில் வெயில் படாமல் இலை ஈரமாகவே இருப்பதால்.

வடகிழக்கு மழை வலுவாக இருக்கும் ஆண்டுகளில் மேகம் போர்வையாக நின்று உறைபனியைத் தள்ளிப்போடும். அதை "இந்த வருஷம் பனி இல்லை" என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இலையில் நீர்த்துளியாகப் படியும் நீர்ப்பனி விழத் தொடங்கியிருந்தால், மழை ஓய்ந்து நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் முதல் இரவிலேயே உறைபனி வரலாம். தேயிலையை மூடுவதற்கான தாகைச் செடியை மழை ஓயும் முன்பே வெட்டி ஓரத்தில் போட்டு வையுங்கள். காய்கறித் தோட்டத்தில் ஸ்பிரிங்க்ளர் மோட்டாரும் ஒருமுறை ஓடிப் பார்த்திருக்க வேண்டும். வெயில் ஏறும் முன் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்தால்தான் இலை கருகாமல் தப்பும்.